கடற்கரைக் கேள்வி - பதில்: காஸ் ஜக்கெற் வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த முறை எஞ்சின் பக்கம் போகவில்லை. வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் லைஃப் ஜக்கெற் பற்றியவை. அதிலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவருகிற, தண்ணீரில் விழுந்ததும் தானாக ஊதுகிற வகை பற்றியே கனபேர் கேட்டிருக்கிறார்கள். பாசையூரில் என் திருத்துமிடத்துக்கும் அவை வந்து சேர்கின்றன. கார்புரேற்றர் கழுவ வந்தவர் போகிற போக்கில் பையிலிருந்து எடுத்து, "அண்ணை, இதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். சரி, சேர்த்து எழுதிவிடுவோம். ஃபோம் வைத்துத் தைத்ததை ஃபோம் ஜக்கெற் என்றும், சிலிண்டரால் ஊதுவதைக் காஸ் ஜக்கெற் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். காஸ் ஜக்கெற் இரண்டு கொண்டுவரட்டா என்று கேட்கிறான். படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, விலை மட்டும் ஏறி இறங்குகிறது. நானும் மருமகனும் 18 அடி ஃபைபர் போட்டில் வலைத்தொழில். எதை வாங்கச் சொல்ல?
(மயிலிட்டி வாசகர்)

பதில்: அண்ணை, ஜக்கெற்றைச் சொல்வதற்கு முன் உதிரிச் சாமானைச் சொல்லுங்கள். காஸ் ஜக்கெற் ஒருமுறை ஊதினால் அதன் சிலிண்டர் காலி. சிலிண்டரைத் திறந்துவிடும் குளிசை அல்லது தலைப்பகுதியும் முடிந்தது. புதிது பூட்டும்வரை அது வெறும் துணி. அந்த உதிரித் தொகுதியை அங்கே 'ரீஆர்மிங் கிற்' என்று தனியாக விற்கிறார்கள். யாழ்ப்பாணத்து வலைக்கடைகளில் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். ஆகவே ஒரு ஜக்கெற்றுக்கு ஒரு கிற்றாவது கூட வராவிட்டால் ஜக்கெற்றே வேண்டாம் என்று தம்பிக்குச் சொல்லுங்கள். கிற்றும் அதே மொடலுக்கு உரியதாக இருக்க வேண்டும். சிலிண்டரின் கிராம் அளவும் கழுத்துப் புரியும் மொடலுக்கு மொடல் மாறும்.

இனி விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பது. உள்ளே சிலிண்டரைத் திறக்கும் பொறிதான் காரணம். அதில் மூன்று வகை.

முதலாவது, கயிற்றை இழுத்தால் மட்டும் ஊதுவது. மலிவு, பழுது குறைவு, மழைக்கும் தூவானத்துக்கும் பயமில்லை. ஆனால் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தவர் கயிறு இழுக்க மாட்டார்.

இரண்டாவது, கரையும் குளிசை உள்ளது. குளிசையோ கடதாசி வளையமோ ஒரு வில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டு அது கரைந்ததும் வில் விடுபட்டு ஊசியைச் சிலிண்டரின் வாயில் குத்தும். பத்துச் செக்கனுக்குள் ஊதி முடிந்துவிடும். நல்ல பொறிதான். ஆனால் அதற்கு விழுந்த மனிதனுக்கும் நனைந்த வலைக்கும் வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க அணியத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிற, நனைந்த வலையை மடியில் போட்டு இழுக்கிற எங்கள் தொழிலில் என்றைக்காவது நீங்கள் போட்டுக்குள் இருக்கும்போதே ஊதும்.

மூன்றாவது, ஹேமர் என்று சொல்கிற தண்ணீர் அழுத்தப் பொறி. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்ந்தால்தான் இது வேலை செய்யும். மழை, தூவானம், ஈர வலை எதற்கும் அசையாது. சிலிண்டரும் காற்றுப்பையின் உள்ளே இருப்பதால் எங்கள் உப்புக்காற்றில் வெளியே கிடந்து துருப்பிடிக்காது. விலை கூட, உதிரித் தொகுதியும் விலை கூட. தலைப்பகுதியில் திகதி பொறித்திருக்கும், அதன்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தானாக ஊதும் இரண்டு வகையிலும் இழுக்கும் கயிறு உண்டு, வாயால் ஊதும் குழாயும் உண்டு. பொறி பிழைத்தால் கயிறு, கயிறும் பிழைத்தால் வாய்.

திறந்த ஃபைபர் போட்டுக்கு, காசு இருந்தால் ஹேமர். இல்லாவிட்டால் கயிறு இழுப்பது. நடுவில் உள்ள குளிசை வகையை எங்கள் கடலுக்கு நான் சொல்ல மாட்டேன். பெரிய வள்ளத்தில் பாதுகாப்பான அறையில் இருந்து ஓட்டுகிறவருக்கு அது போதும், ஆனால் அந்த அறை விஷயத்தில் வேறு சிக்கல் உண்டு: போட் கவிழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தால் ஜக்கெற் அங்கேயே ஊதிவிடும், ஊதிய ஜக்கெற்றோடு மூழ்கி வாசலால் வெளியே வருவது சுலபமில்லை. மல்ரி டே போட்டில் (பலநாள் கடலில் தங்கும் வள்ளம்) போகிறவர்கள் உள்ளே படுக்கும்போது தானாக ஊதும் வகையைப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது.

அளவு எண்ணைப் பாருங்கள். 150 நியூற்றன் என்றால் ஏறத்தாழ 15 கிலோ தூக்கும். தண்ணீருக்குள் பெரிய ஆளின் தலையை மேலே வைத்திருக்க நாலைந்து கிலோ தூக்குவிசையே போதும். மிச்சமெல்லாம் மயங்கியவரைக் குப்புற விடாமல் மல்லாக்கத் திருப்புவதற்கும் அலைக்கு மேலே வாயை வைத்திருப்பதற்கும். இப்படியான ஜக்கெற்றில் பெரும்பாலும் 33 கிராம் சிலிண்டர் இருக்கும். அந்த 33 கிராம் வாயு வெளியே வந்தால் 18 லீற்றருக்குக் கொஞ்சம் மேலே இடம் பிடிக்கும். 275 என்று பெரியதும் உண்டு, அது பாரமான குளிர்ச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு. சாரத்தை மடித்துக் கட்டி ரீசேட்டோடு தொழிலுக்குப் போகிற உங்களுக்கு 150 தாராளம். கனடாவில் 70 என்று பொறித்தவையும் விற்கிறார்கள். லேபலில் ஆளைத் திருப்புமா என்பதைக் காட்டும் வளைந்த அம்புக்குறிப் படம் இருக்கும். அம்புக்குறியைக் கோடு போட்டு வெட்டியிருந்தால் திருப்பாது என்று அர்த்தம். அதைத் தம்பி பார்த்து வாங்கட்டும்.

கவட்டுப் பட்டி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத ஜக்கெற் ஊதியதும் காதுக்கு மேலே ஏறிவிடும், ஆள் கீழே தொங்குவார். சாரத்தோடு கவட்டுப் பட்டி போட முடியாது என்பது உண்மை. அரைக்காற்சட்டை போடுங்கள்.

கடைசியாக, விமானம். சிலிண்டர் அழுத்த வாயு என்பதால் ஆபத்தான பொருட்கள் பட்டியலில் வரும். தானாக ஊதும் ஜக்கெற்றுக்கு விலக்கு உண்டு: அதில் பூட்டிய சிறிய சிலிண்டர் இரண்டு, உதிரியாக இரண்டு வரை ஒரு பயணி கொண்டுவரலாம், ஆனால் விமானக் கொம்பனியின் சம்மதம் முதலே வாங்க வேண்டும். ரிக்கெற் எடுக்கும்போதே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், பதிலைக் கையில் வைத்திருக்கட்டும். இரண்டு ஜக்கெற் என்றால் தம்பியும் மனைவியும் ஆளுக்கொன்றாகப் பிரித்து எடுக்கலாம். மா, சவர்க்காரம், சொக்லேற்றுக்கு நடுவே ஒளித்துச் சிலிண்டர் அனுப்புகிற வேலை வேண்டாம். ஸ்கானரில் அது தோட்டா மாதிரித்தான் தெரியும்.

கேள்வி: நான் நண்டு வலை. ஜக்கெற் போட்டால் வலை சிக்குகிறது, புழுங்குகிறது, குனிய முடியவில்லை. காஸ் ஜக்கெற் மெல்லியது என்கிறார்கள். அதற்கு மாறலாமா?
(குருநகர் வாசகர்)

பதில்: மெல்லியதுதான். கழுத்தைச் சுற்றி நெஞ்சில் இரண்டு பட்டை, அவ்வளவே. வெயிலில் ஃபோமை விட எவ்வளவோ சுகம். ஆனால் உங்கள் தொழிலுக்கு நான் ஃபோமையே சொல்வேன். காரணம் நண்டு.

காஸ் ஜக்கெற்றின் உயிர் உள்ளே மடித்து வைத்த காற்றுப்பையில் இருக்கிறது. மேல் உறை தடித்த துணி, உள்ளே இருப்பது மெல்லிய பூச்சுத் துணி. நண்டின் கொடுக்கு, கெளிற்று முள், திருக்கை முள், தூண்டில் கொக்கி, வலை வெட்டும் கத்தி, இவை எல்லாம் போட்டின் ஓரத்தில் நெஞ்சு உரச வேலை செய்கிறவருக்கு நாள்தோறும் படுகிறவை. ஃபோமில் முள் ஏறினால் ஒரு ஓட்டை, அவ்வளவுதான், மிதக்கும். காற்றுப்பையில் ஏறினால் விழுந்த அன்றைக்குத்தான் தெரியும். இழுக்கும் கைபிடியும் வலைக்கண்ணில் மாட்டும்.

சிக்குகிறது, புழுங்குகிறது என்றால் பயணிகள் லோஞ்சில் கொடுக்கிற, தலையால் மாட்டும் தடித்த செம்மஞ்சள் ஜக்கெற்றைத்தான் நீங்கள் போட்டிருக்க வேண்டும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர் உட்கார்ந்திருக்கப் போட்டது அது. வேலை செய்கிறவருக்கென்று கைக்குழி அகலமாக வெட்டி, முன்பக்கம் சிப் வைத்த ஃபோம் வெஸ்ற் இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

போட்டில் இருவர் என்றால் வலை இழுக்கிறவர் ஃபோமும், எஞ்சின் பிடிக்கிறவர் காஸும் போடலாம். எஞ்சின் பிடிக்கிறவருக்கு இன்னொன்றும் சொல்கிறேன், இது என் தொழில் என்பதால். எஞ்சினோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும், நுனியில் கொக்கி, மறுமுனையில் சுவிச்சில் செருகும் பிளாஸ்ரிக் துண்டு. கயிறு இழுபட்டால் எஞ்சின் நிற்கும். திருத்த வருகிற எஞ்சின்களில் அந்தத் துண்டைச் சுவிச்சிலேயே நிரந்தரமாகச் செருகி, கயிற்றை வெட்டி எறிந்திருப்பதைத்தான் காண்கிறேன். தனியாகப் போகிறவர் விழுந்தால் ஜக்கெற் அவரை மிதக்க வைக்கும், போட் அவரை விட்டுவிட்டு ஓடும். கைமணிக்கட்டிலோ ஜக்கெற் வளையத்திலோ கயிற்றை மாட்டுங்கள். ஊதுகிற பகுதியில் மட்டும் மாட்ட வேண்டாம்.

கேள்வி: பிறந்ததே கடற்கரையில். அப்பா தோளில் ஏற்றிக் கொண்டுபோய் நடுக்கடலில் விட்டு நீந்தப் பழக்கினார். எனக்கு எதற்கு ஜக்கெற்? இளம் பெடியள் பயந்தாங்கொள்ளிகளாகப் போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: ஐயா, உங்களைவிட நன்றாக நீந்துகிறவர்களைக் கடல் எடுத்திருக்கிறது. வடமராட்சியின் வடகரையில் சோளகம் (தென்மேற்குக் காற்று) கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். விழுந்த ஆளையும் போட்டையும் வெளியேதான் தள்ளும், நீந்தி வருவது காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிரே. எங்கள் கடல் சூடுதான், 28, 30 பாகை. ஆனாலும் உடம்பின் சூட்டைவிடக் குறைவு, தண்ணீர் காற்றைவிட விரைவாகச் சூட்டை இழுக்கும். இரவில் விழுந்தவர் விடியும்வரை கையடிக்க வேண்டும் என்றால் களைப்பும் குளிரும் சேர்ந்தே வரும். 2013 ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடக்கத்தில் மேற்கிலும் தெற்கிலும் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்களும் நீந்தத் தெரியாதவர்கள் இல்லை.

நீந்தத் தெரிந்தவருக்கு நான் கயிறு இழுக்கும் வகையைச் சொல்வேன். விரும்பினால் நீந்தலாம், களைத்தால் இழுக்கலாம். இடுப்பில் பை மாதிரிக் கட்டும் வகை ஒன்றும் உண்டு. அது ஊதிய பிறகு தலையால் எடுத்து மாட்ட வேண்டும். அலைக்குள் அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வேண்டாம்.

கேள்வி: இவர் காஸ் ஜக்கெற்றைக் கொண்டுவந்து முற்றத்துக் கொடியில் வெயிலில் போடுகிறார். மணக்கிறது. நான் வலைத்துணிகளோடு ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாமா? எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். இவர் வாசிக்க மாட்டார், நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.
(ஊர்காவற்றுறை வாசகி)

பதில்: தங்கச்சி, நல்ல வேளை கழுவ முதல் கேட்டீர்கள். குளிசை வகையை வாளியில் ஊறவைத்தால் வாளிக்குள்ளேயே ஊதிவிடும்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். உறையின் ஓரத்தில் ஒட்டுப்பட்டியோ சிப்போ இருக்கும், திறந்தால் ஒரு பக்கம் சிலிண்டரும் பிளாஸ்ரிக் தலையும், மறுபக்கம் வாயால் ஊதும் குழாயும் தெரியும். சிலிண்டர் வெளியே தெரிந்தால் அதைக் கையால் இடப்பக்கம் திருகிக் கழற்றி வைத்துவிடுங்கள். குளிசை இருந்தால் அதையும் கழற்றுங்கள். அதன் பிறகுதான் தண்ணீர். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்தெடுங்கள். அழுக்கு அதிகம் என்றால் மெல்லிய சவர்க்காரத் தண்ணீர் போதும். வெளிற்றும் தூளும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் பூச்சுத் துணியைத் தின்றுவிடும், கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். காய வைப்பது நிழலில், தடித்த கொழுவியில். வெயில் துணியையும் தையல் நூலையும் இத்துப்போக வைக்கும். நன்றாகக் காயாமல் மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மணம் அதுவாகத்தான் இருக்கும். ஹேமர் வகை என்றால் எதையும் கழற்றாமல் மேலால் துடைத்துவிட்டு நிழலில் போடுங்கள், வாளிக்குள் மட்டும் அமிழ்த்த வேண்டாம்.

கழற்றிய சிலிண்டரைக் கையில் எடுத்து அதன் வாயைப் பாருங்கள். புதிது என்றால் வாயில் ஒரு சின்ன வட்டத் தகடு வழவழவென்று மூடியிருக்கும். பாவித்தது என்றால் அந்தத் தகட்டின் நடுவில் ஊசி குத்திய துளை இருக்கும். துளை உள்ள சிலிண்டரைத் திரும்பப் பூட்டி, எல்லாம் சரி என்று மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களின் ஜக்கெற் என் மேசைக்கு வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுக்கும் நெம்பைப் பிடித்திருக்கும் பச்சை அடையாளத் துண்டு உடைந்திருப்பது ஒன்றே சாட்சி.

பிறகு துரு. சிலிண்டர் துணியைத் தொடும் இடத்தில் செம்மண் நிற வளையம் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரை மாற்றுங்கள். துருத் துகள் அரம் போல வேலை செய்து காற்றுப்பையைத் துளைக்கும்.

பிறகு எடை. சிலிண்டரின் உடம்பில் அதன் மொத்த எடை கிராமில் பொறித்திருக்கும். கேக் அடிக்கிறவர்களிடம் இருக்கும் டிஜிற்றல் தராசு போதும். தெரிந்த பத்தர் இருந்தால் கஸ்தூரியார் வீதியில் பொன் நிறுக்கும் தராசிலும் வைத்துப் பார்க்கலாம், அவர் சிரித்தால் சிரிக்கட்டும். பொறித்த எடையைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

அடுத்தது காற்றுப்பை. சிலிண்டர் இல்லாமல் குழாயால் ஊதி நிரப்புங்கள். சைக்கிள் பம்பைக் குழாயில் ஈரம் போகாதபடி பொருத்த முடிந்தால் நல்லது, வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். கல்லு மாதிரி இறுகியதும் ஒரு இரவும் பகலும் வீட்டுக்குள் வையுங்கள். விடியப்புறம் குளிரில் கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை, சப்பையாகிப் போனால் ஓட்டை. சவர்க்கார நுரையைப் பூசினால் குமிழி வரும் இடம் தெரியும். குழாயின் வாயிலும் பூசிப் பாருங்கள், அங்கே மண் அடைத்துக் கசிவதுதான் அதிகம். பையில் ஓட்டை என்றால் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசன் போட வேண்டாம். அந்த ஜக்கெற்றின் கதை முடிந்தது.

காற்றை வெளியேற்றக் குழாயின் மூடியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே அழுத்தினால் போதும், ஆணியோ ஊசியோ விடக்கூடாது. கடைசிச் சொட்டுக் காற்றும் போகும்வரை சுருட்டி அமத்துங்கள். பழைய காற்றோடு சிலிண்டர் வெடித்து நிரப்பினால் பையின் ஒட்டு விட்டுப்போகும்.

திரும்பப் பூட்டும்போது ஒழுங்கு முக்கியம். இழுக்கும் நெம்பு மேலே இருக்க வேண்டும், அதைப் பிடிக்கும் பச்சைத் துண்டு இருக்க வேண்டும், புதிய குளிசை இருக்க வேண்டும். அதன் பிறகே சிலிண்டர். நெம்பு கீழே கிடக்கும்போது சிலிண்டரைத் திருகினால் உங்கள் கையிலேயே ஊதும். கையால் இறுக்குங்கள், குறடு வேண்டாம். மடிப்பு, உள்ளே ஒட்டியிருக்கும் படத்தின்படி. கைபிடி வெளியே தொங்க வேண்டும். அழகுக்காக அதை உள்ளே செருகி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சின்னவன் இழுத்துப் பார்க்கும் வயது என்றால் உயரத்தில் மாட்டுங்கள். வாடியில் விட்டுவைப்பது சரியில்லை, எலி.

எவ்வளவுக்கு ஒருமுறை என்றால், பச்சைத் துண்டையும் சிலிண்டர் இறுக்கத்தையும் ஒவ்வொரு முறை போடும்போதும் பாருங்கள். காற்றடித்து வைப்பதும் எடை பார்ப்பதும் வாடைக்கு (வடகிழக்குக் காற்று) முதல் ஒன்று, சோளகத்துக்கு முதல் ஒன்று. குளிசையின் மேல் திகதி இருக்கும், பொதுவாக மூன்று வருடம், எங்கள் ஈரத்துக்கு முந்தியே மாற்றினாலும் தவறில்லை. திகதி முடிந்து மாற்ற வேண்டி வரும்போது சும்மா கழற்றி எறியாமல், இவரை ஜக்கெற்றோடு நெஞ்சளவு தண்ணீரில் இறக்கி விடுங்கள். ஊதுகிறதா, பட்டி ஏறுகிறதா, முகம் மேலே நிற்கிறதா என்று இவரே கண்டுகொள்வார். வாசிக்காதவருக்கு அது நல்ல பாடம்.

கேள்வி: கடலட்டைப் பண்ணையில் காவலுக்கு நிற்கிறேன். சின்னப் போட்டில் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை பார்ப்போம். முதலாளி தானாக ஊதும் ஜக்கெற் வாங்கித் தரப் போகிறாராம்.
(வேலணை வாசகர்)

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. பரவைக்கடலில் குனிந்து நிமிரும் வேலை உங்களுடையது. குனிந்தால் நெஞ்சு தண்ணீருக்குள் போகும், ஹேமரும் ஊதும், குளிசையும் ஊதும். முதலாளிக்குச் சிலிண்டர் வாங்கியே கட்டாது. கயிறு இழுக்கும் வகை அல்லது மெல்லிய ஃபோம் வெஸ்ற். அட்டை எடுக்க மூழ்குகிறவர்கள் மூழ்கும் நேரத்தில் எதையும் போட முடியாது, அவர்கள் போட்டில் போய்வரும் நேரத்துக்கு மட்டும்.

கேள்வி: கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. என்னுடைய காஸ் ஜக்கெற்றின் பட்டியைச் சுருக்கி அவளுக்குப் போடலாமா?
(பாசையூர் வாசகர்)

பதில்: கூடாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் காஸ் ஜக்கெற்றை அனுமதிப்பதில்லை. கனடாவில் ஆள் 36 கிலோவுக்கு மேல் இருக்கவும் வேண்டும். பிள்ளை பயந்து போனால் கயிறு இழுக்காது, குழாயால் ஊதாது. பெரியவரின் பை ஊதினால் சின்ன உடம்பு அதற்குள்ளிருந்து வழுவிவிடும்.

பிள்ளையின் நிறைக்கு ஏற்ற ஃபோம் ஜக்கெற், கவட்டுப் பட்டியோடு, கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் காலரோடு. போட்டுவிட்டு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியும் காதும் ஜக்கெற்றுக்குள் மறைந்தால் அது பெரிது. வளர இடம் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்குகிற கணக்கில் இதை வாங்கக் கூடாது. திருவிழாவுக்கு முதல் ஒரு நாள் பண்ணைப் பக்கம் அமைதியான தண்ணீரில் இறக்கிப் பழக்குங்கள், பிள்ளைக்கும் பயம் போகும்.

கேள்வி: மச்சான் விமானத்தில் வந்தபோது இருக்கைக்குக் கீழே இருந்த மஞ்சள் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புதிதாகப் பொதியோடு இருக்கிறது. மீன்பிடிக்கப் பாவிக்கலாமா?
(சாவகச்சேரி வாசகர்)

பதில்: அது களவு. அடுத்து அந்த இருக்கையில் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. மற்றும்படி அது ஒருமுறை மட்டும் போடச் செய்த மெல்லிய சாமான், கயிறு இழுத்தால்தான் ஊதும், போட்டின் ஓரத்தில் ஒரு நாள் உரசினால் கிழியும். மச்சானைக் கொண்டே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து வந்த என் ஜக்கெற் மாரி மழையில் அலுமாரிக்குள் இருந்தபடியே ஊதிவிட்டது. சிலிண்டர் இங்கே எங்கும் இல்லை. சோடா அடிக்கும் சின்னச் சிலிண்டர் கொழும்பில் கிடைக்கிறது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிலிண்டரும் கிடைக்கிறது. புரி பொருந்தினால் பூட்டலாமா?
(வல்வெட்டித்துறை வாசகர்)

பதில்: அலுமாரிக்குள் ஊதியது என்றால் குளிசை வகை. ஈரத்தில் குளிசை இளகிப் போயிருக்கும்.

சோடாச் சிலிண்டரில் 8 கிராம்தான் இருக்கும், அதன் கழுத்தில் புரியும் கிடையாது. சைக்கிள் சிலிண்டர் சிலவற்றில் புரி இருக்கிறது, சில ஜக்கெற்றுக்குப் பொருந்தியும் விடும். அதுதான் ஆபத்து. அதில் வழக்கமாக 16 கிராம். 33 கிராம் வேண்டிய பைக்குள் 16 போனால் பை அரைவாசிதான் நிரம்பும், மயங்கிய ஆளை மல்லாக்கத் திருப்பும் பலம் இருக்காது. கழுத்தின் நீளம் ஒரு நூல் மாறினாலும் ஊசி எட்டாமல் போகலாம். இழுத்துப் பார்க்காமல் அது தெரியப் போவதில்லை, இழுத்துப் பார்த்தால் சிலிண்டர் போய்விடும்.

ஜக்கெற்றின் உட்புறத்தில் கொம்பனியின் பெயர், மொடல், சிலிண்டர் கிராம், பொறியின் பெயர் நாலும் அச்சிட்டிருக்கும். யூ.எம்.எல்., ஹால்க்கி ராபர்ட்ஸ் என்று பொறியைச் செய்த கொம்பனியின் பெயர் பொறியிலும் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தையும் சிலிண்டரின் பொறிப்பையும் தெளிவாகப் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்புங்கள். அவர்கள் படத்தைக் கடையில் காட்டி அதே கிற் வாங்கட்டும், வருகிற ஆளிடம் விமானக் கொம்பனியின் சம்மதத்தோடு கொடுத்தனுப்பட்டும். கிற் வாங்கும்போது குளிசையில் உள்ள திகதியையும் பார்க்கச் சொல்லுங்கள், தட்டில் கனகாலம் கிடந்த பழசைத் தள்ளிவிடும் கடைகளும் உண்டு. கிற் வந்து பூட்டும்வரை அந்த ஜக்கெற்றைப் போட்டில் ஏற்றாதீர்கள். வேறு யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு அது வேலை செய்யும் என்று நம்பியிருப்பார்கள். நீங்கள் ஃபோமைப் போட்டுக்கொண்டு போய்வாருங்கள்.

போட்டுக்குள் திரும்ப ஏறுவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஊதிய ஜக்கெற்றோடு குப்புற நீந்த முடியாது, மல்லாந்து காலடித்துப் போட்டை நோக்கி வர வேண்டும். நெஞ்சில் பை உப்பியிருப்பதால் ஓரத்தைப் பிடித்து ஏறவும் விடாது. பின்பக்கத்தில், எஞ்சினுக்கு அருகே, கால் வைக்கத் தக்கதாக ஒரு கயிற்று வளையத்தைத் தண்ணீருக்குள் இறங்கும் நீளத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது சுருட்டி வைத்து, ஒரு கையால் இழுத்தால் அவிழும்படி முடிச்சுப் போடுங்கள். ஏறும்போது இடைஞ்சலாக இருந்தால் குழாயின் மூடியைத் திருப்பி அழுத்திக் கொஞ்சம் காற்றை மட்டும் விடலாம். போட்டில் கை பட்ட பிறகு விட்டால் போதும்.